மாறி மாறும், சரம் மாறாது

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் எழுதிய பைத்தான் கோடைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெயரையோ ஊரையோ ஏதாவது ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்ப வேண்டிய ஒவ்வொரு இடத்திலும், முதலில் ‘டீப்காப்பி’ போட்டு நகல் எடுத்து, அந்த நகலைத்தான் அனுப்பியிருந்தார். ஏன் இப்படி என்று கேட்டேன். “உள்ள போய் அது மாத்திடுச்சுன்னா நம்மகிட்ட இருக்கறதும் மாறிடுமேண்ணா, ஒரு பாதுகாப்புக்குத்தான்” என்றார். பக்கத்து சீட்டில் இருந்தவருக்கோ நேர்மாறான கவலை. ஒரு மாறியில், அதாவது வேரியபிளில், இருக்கும் நீளமான உரையை இன்னொரு மாறிக்குக் கொடுத்தால் மெமரி இரண்டு மடங்காகிவிடும் என்று நினைத்து, எல்லா வேலைக்கும் ஒரே மாறியையே மறுபடி மறுபடி பயன்படுத்திக்கொண்டிருந்தார்.

இருவருமே நன்றாகப் படித்தவர்கள். ஆனால் இருவர் பயமும் தேவையில்லாதது. முதலாமவர் எடுத்த நகல்களில் ஒன்றுகூட நகலே இல்லை, ஒவ்வொரு முறையும் பைத்தான் அவரிடம் பழைய சரத்தையே, அதாவது அந்த ஸ்ட்ரிங்கையே, திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தது. அது பிழையும் இல்லை, தெரிந்தே செய்வது. ஏன் அப்படிச் செய்கிறது என்பது புரிந்துவிட்டால், சரங்களைப் பற்றி வாய்வழியாகச் சுற்றிவரும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## டீக்கடைப் பலகையும் கோயில் கல்லும்

டீக்கடை வாசலில் கரும்பலகை வைத்து, டீ 12 ரூபாய் என்று சாக்பீஸில் எழுதியிருக்கிறார்கள். அந்த விலை உங்களுக்கு வேண்டும். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வரலாம், அது நகல். இல்லையென்றால் கேட்கிறவர்களிடம் “வாசல்லயே பலகை இருக்கு, பாத்துக்கோங்க” என்று கைகாட்டி விடலாம், அது சுட்டு. மறுநாள் கடைக்காரர் 12ஐ அழித்துவிட்டு 15 என்று எழுதினால் என்ன ஆகும்? உங்கள் சீட்டில் பழைய விலையே இருக்கும், நீங்கள் கைகாட்டி அனுப்பியவர் புது விலையைப் பார்ப்பார். இரண்டு பேரும் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஆக, மாறக்கூடிய ஒரு பொருளைப் பொறுத்தவரை நகல் எடுப்பதற்கும் சுட்டிக்காட்டுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இப்போது கோயிலுக்குப் போவோம். மண்டபத் தூணில் இன்னார் குடும்பத்தார் உபயம் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வெட்டினது வெட்டினதுதான். ஒரு எழுத்து தப்பாக இருந்தாலும் அதே கல்லில் திருத்த முடியாது, புதுக் கல் வெட்டித்தான் பதிக்க வேண்டும். ஒருவர் அந்த வரியை நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார். இன்னொருவர் “தெற்கு மண்டபம், மூணாவது தூண்” என்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார். பத்து வருடம் கழித்து இருவரையும் கேளுங்கள். நோட்டைப் பார்த்துச் சொல்பவரும் தூணைப் பார்த்துச் சொல்பவரும் ஒரே வரியைத்தான் சொல்வார்கள். ஒருவருக்கு நோட்டில் கொஞ்சம் இடமும் எழுதுகிற நேரமும் செலவாயிற்று, மற்றவருக்கு ஆகவில்லை. வேறு எந்த வித்தியாசமும் கிடையாது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: மாறும் பொருளுக்கு நகலும் சுட்டும் வேறுவேறு விளைவு தரும், மாறாத பொருளுக்கு விளைவு ஒன்றே, செலவு மட்டும் வேறு. மிச்சமெல்லாம் இதிலிருந்தே வருகிறது.

## பெட்டி இல்லை, பெயர்

நம் ஊர் கல்லூரிகளில் பெரும்பாலும் முதலில் சி மொழியைத்தான் சொல்லித் தருகிறார்கள். அங்கே மாறி என்பது ஒரு பெட்டி, அதற்குள் மதிப்பு இருக்கிறது, ஒரு பெட்டியில் இருப்பதை இன்னொரு பெட்டிக்குக் கொடுத்தால் நகல் விழும் என்று படம் போட்டு விளக்குவார்கள். சி மொழியில் ஒரு எண்ணுக்கு அது சரியான படம்தான். சிக்கல் என்னவென்றால், அதே படத்தை மனதில் வைத்துக்கொண்டு பைத்தானுக்கும் ஜாவாவுக்கும் வருகிறோம். இங்கே சரங்களுக்கு அந்தப் படம் பொருந்தாது.

சொற்களை ஒருமுறை தெளிவாக வைத்துக்கொள்வோம். எழுத்துகளை வரிசையாகக் கோத்து வைத்த உரைக்குச் சரம் என்று பெயர், ஸ்ட்ரிங் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அந்தச் சரம் மெமரியில் தனக்கென்று ஒரு இடத்தில் இருக்கும். கோடில் நாம் வைக்கும் பெயர், அதாவது மாறி, சரத்தைத் தனக்குள் வைத்திருப்பதில்லை; அது இருக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. இப்படி இடத்தைக் காட்டுவதற்குச் சுட்டு என்று பெயர், ரெஃபரன்ஸ் என்பது இதுதான். உருவாக்கிய பிறகு ஒரு பொருளின் உள்ளே எதையும் திருத்த முடியாது என்றால் அது மாறாத பொருள், இம்யூட்டபிள்.

பைத்தான் 3 முதன்முதலில் 2008இல் வந்தபோதே தமிழில் மாறிப் பெயர் வைக்கும் வசதி அதில் இருந்தது, அதனால் கீழே இருக்கும் வரிகளை அப்படியே ஓட்டிப் பார்க்கலாம்.

ஊர் = "மதுரை"
இடம் = ஊர்

முதல் வரியில் மெமரியில் ஒரு சரம் உருவாகிறது, ‘ஊர்’ அதைச் சுட்டுகிறது. இரண்டாவது வரியில் புதிதாக எந்தச் சரமும் உருவாகவில்லை, ‘இடம்’ என்ற இன்னொரு பெயரும் அதே சரத்தைச் சுட்ட ஆரம்பிக்கிறது. வீட்டில் ஒரே ஆளை ஒருவர் அண்ணன் என்பார், ஒருவர் மாமா என்பார், பெயர் இரண்டானதால் ஆள் இரண்டாகிவிடுவதில்லை. சந்தேகம் இருந்தால் பைத்தானில் ‘ஐடி’ என்ற ஃபங்ஷன் இருக்கிறது, ஒரு பொருளுக்குரிய அடையாள எண்ணைச் சொல்லும். இரண்டு பெயர்களையும் அதற்குக் கொடுத்துப் பாருங்கள், ஒரே எண் வரும்.

அந்த உரை 5 எழுத்தாக இருந்தாலும் சரி, 10 எம்பி நீளமான முழுப் புத்தகமாக இருந்தாலும் சரி, இரண்டாவது வரி செய்யும் வேலை ஒன்றே. 64 பிட் கணினியில் ஒரு சுட்டுக்கு 8 பைட். அவ்வளவுதான் கூடுதல் செலவு. பக்கத்து சீட்டுக்காரரின் கவலைக்குப் பதில் இதுதான், அவர் வேண்டிய அளவு பெயர் வைத்துக்கொள்ளலாம்.

## மாறாது என்றால் எது மாறாது?

இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். “சரம் மாறாதுன்னு சொல்றீங்க, ஆனா நான் மாத்துறேனே” என்று இப்படி ஒரு வரியைக் காட்டுவார்கள்:

ஊர் = ஊர் + " மாநகர்"

இப்போது ‘ஊர்’ என்ன என்று கேட்டால் “மதுரை மாநகர்” என்று வருகிறது. அப்புறம் என்ன மாறாத தன்மை?

நடந்தது என்ன என்று மெதுவாகப் பார்ப்போம். சமக்குறிக்கு வலப்பக்கம் இருப்பது முதலில் நடக்கிறது: பழைய “மதுரை”யின் எழுத்துகளும் “ மாநகர்” என்பதன் எழுத்துகளும் சேர்ந்து, வேறொரு இடத்தில், புத்தம் புதிய ஒரு சரம் உருவாகிறது. அதன் பிறகு ‘ஊர்’ என்ற பெயர் பழையதை விட்டுவிட்டுப் புதியதைச் சுட்டுகிறது. பழைய “மதுரை” எங்கேயும் போகவில்லை, ‘இடம்’ இன்னும் அதைத்தான் சுட்டிக்கொண்டிருக்கிறது, ‘இடம்’ என்ன என்று கேட்டால் “மதுரை” என்றே வரும். பழைய கல்லை யாரும் தொடவில்லை, புதுக் கல் ஒன்று வெட்டியாயிற்று, ‘ஊர்’ அதன் பக்கம் கையைத் திருப்பிக்கொண்டது.

நம் பாடநூல்களில் வேரியபிள் என்பதற்கு மாறி என்று பெயர் வைத்தவர்களுக்கு நான் நன்றி சொல்வேன், ஏனென்றால் விஷயம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. மாறுவது மாறி. அது இன்று ஒன்றைச் சுட்டும், நாளை வேறொன்றைச் சுட்டும். சரம் மாறாது. ‘மாறி மாறும்’ என்பதும் ‘சரம் மாறாது’ என்பதும் இரண்டு தனித்தனி விஷயங்கள், இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் பிரச்சினை.

உண்மையிலேயே சரத்தின் உள்ளே கை வைக்க முயன்றால் பைத்தான் விடாது. ‘ஊர்’ என்பதன் முதல் எழுத்தை மட்டும் “ப” என்று மாற்றப் பாருங்கள், டைப் எரர் வந்து நின்றுவிடும். இங்கே தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. “மதுரை” நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, பைத்தானுக்கோ ஐந்து: ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி. அதனால் நீளம் கேட்டால் 5 என்று சொல்லும். இது வேறு கதை, ஆனால் எண்ணிப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

சரம் மாறாது என்பது மனதில் பதியாததால் வரும் பிழை ஒன்று உண்டு, புதிதாக எழுதுகிறவர்களிடம் நான் மிக அதிகமாகப் பார்ப்பது இதைத்தான். பயனர் தட்டச்சு செய்த பெயரின் முன்னும் பின்னும் இருக்கும் இடைவெளியை வெட்ட ‘ஸ்ட்ரிப்’ என்று அழைத்துவிட்டு, அது தரும் பதிலை எதிலும் வாங்கிக்கொள்ளாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். ‘ரீப்ளேஸ்’ விஷயத்திலும் அப்படியே. இவை பழைய சரத்தைத் திருத்துவதில்லை, திருத்திய புதுச் சரம் ஒன்றைக் கையில் தருகின்றன. வாங்காமல் விட்டால் அது அப்படியே வீண். பெயரில் இடைவெளி அப்படியே இருக்கிறதே என்று ஒரு மணி நேரம் தேடுவார்கள்.

இந்தப் பகுதியில் வந்தது: கூட்டினாலும் வெட்டினாலும் கிடைப்பது புதுச் சரம், பழையது பழையபடியே இருக்கும், பெயர் மட்டும் இடம் மாறும்.

## அதே வரிகள் ரூபியில்

எல்லா மொழியிலும் இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், சி ஷார்ப், கோ ஆகியவற்றில் சரம் மாறாதது. ரூபியில் சரம் இயல்பாகவே மாறக்கூடியது. அங்கே இதை எழுதினால்:

ஊர் = "மதுரை"
இடம் = ஊர்
இடம் << " மாநகர்"

‘இடம்’ மட்டுமல்ல, நாம் தொடவே தொடாத ‘ஊர்’ என்பதும் “மதுரை மாநகர்” ஆகிவிடும். அந்த இரட்டைக் குறி புதுச் சரம் எதையும் உருவாக்காமல் இருக்கிற சரத்தின் வாலிலேயே ஒட்டவைக்கிறது, இரண்டு பெயரும் சுட்டுவது ஒரே சரத்தை. டீக்கடைப் பலகை மாதிரிதான். எங்கோ ஒரு மூலையில் ஒருவர் அழித்து எழுதினால் எல்லோருக்கும் மாறிவிடும். எங்கள் டீம் தம்பி ரூபியில் எழுதிக்கொண்டிருந்தால் அவர் பயம் முழுக்க நியாயமானது, அங்கே நகல் எடுத்தே ஆக வேண்டிய இடங்கள் உண்டு. ரூபியிலேயே சரத்தை உறையவைக்க ‘ஃப்ரீஸ்’ என்று ஒரு வசதி இருக்கிறது, 2.3 பதிப்பிலிருந்து கோப்பின் தலையில் ஒரே ஒரு குறிப்பு வரி எழுதினால் அந்தக் கோப்பில் மேற்கோளுக்குள் எழுதிய எல்லாச் சரத்தையும் மாறாததாக்கிவிடலாம். பலகையைக் கல்லாக்குவது மாதிரி.

## ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது என்ன போகிறது?

“லிஸ்ட் ரெஃபரன்ஸா போகும், ஸ்ட்ரிங் வேல்யூவா போகும்” என்று ஒரு வாசகம் இன்டர்வியூக்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. லிஸ்ட் சுட்டாகப் போகும், சரம் நகலாகப் போகும் என்று அர்த்தம். மனப்பாடம் செய்ய எளிது. ஆனால் பைத்தானைப் பொறுத்தவரை தவறு. இரண்டும் ஒரே மாதிரிதான் போகின்றன, சுட்டாக. ஃபங்ஷனுக்குள் இருக்கும் பெயர், வெளியே இருக்கும் அதே பொருளைச் சுட்ட ஆரம்பிக்கிறது, அவ்வளவுதான்.

பிறகு ஏன் வித்தியாசமாகத் தெரிகிறது? லிஸ்ட், அதாவது பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல், மாறக்கூடியது. உள்ளே போன ஃபங்ஷன் அதில் ஒன்றைச் சேர்த்தால் வெளியே இருப்பவரும் அதைப் பார்ப்பார். சரம் மாறாதது. ஃபங்ஷன் என்ன முயன்றாலும் புதுச் சரம்தான் உருவாகும், உள்ளே இருக்கும் பெயர் அந்தப் புதியதன் பக்கம் திரும்பிக்கொள்ளும், வெளியே இருக்கும் பெயருக்கு அது தெரியவே தெரியாது. வெளியிலிருந்து பார்த்தால் நகல் போன மாதிரியே இருக்கும். நகல் எடுத்தால் என்ன பாதுகாப்புக் கிடைக்குமோ அது நகல் எடுக்காமலேயே கிடைத்துவிடுகிறது, செலவும் இல்லை. மாறாத சரம் என்று மொழியை வடிவமைத்தவர்கள் முடிவு செய்ததால் நமக்குக் கிடைத்த பெரிய வசதி இது.

இப்போது அந்த ‘டீப்காப்பி’க்கு வருவோம். ஒரு சரத்தை அதற்குக் கொடுத்தால் பைத்தான் பார்க்கிறது: இது மாறாத பொருள், நகல் கொடுத்தாலும் அசலைக் கொடுத்தாலும் கேட்டவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியப்போவதில்லை, அப்படியிருக்க எதற்கு இடத்தை வீணாக்க வேண்டும் என்று அசலையே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ‘ஐடி’ வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே எண். தொடக்கம் முதல் முடிவு வரை முழுச் சரத்தையும் வெட்டி எடுக்கச் சொன்னாலும் இதே கதைதான். தம்பியிடம் திரையிலேயே இதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் இரண்டு எண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பை எடுத்துத் தரும் அகராதி அமைப்பும் இந்த உறுதியை நம்பித்தான் நிற்கிறது. பைத்தானின் டிக்ட், ஜாவாவின் ஹேஷ்மேப் இரண்டுமே சாவியாகக் கொடுக்கும் சரத்தை வைத்து ஒரு எண்ணைக் கணக்கிட்டு, எந்த அறையில் வைப்பது என்று முடிவு செய்கின்றன. வைத்த பிறகு சாவியின் எழுத்து மாறினால் கணக்கு வேறு அறையைக் காட்டும், வைத்த பொருள் உள்ளேயே இருந்தும் கைக்குக் கிடைக்காது. சாவி மாறாது என்ற உறுதி இருப்பதால்தான் ஜாவா அந்த எண்ணை ஒருமுறை கணக்கிட்டுச் சரத்துக்குள்ளேயே சேமித்து வைத்துக்கொள்கிறது.

## ஒரே உரை, இரண்டு சரம்

ஒரே உரை என்பதால் ஒரே சரமாகத்தான் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. இரண்டு தூண்களில் ஒரே வரியை வெட்டியிருக்கலாம் இல்லையா? படித்தால் ஒன்றுதான், கல் இரண்டு. அதனால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டிலும் எழுதியிருப்பது ஒன்றா? இரண்டும் ஒரே கல்லா? பைத்தானில் இரட்டைச் சமக்குறி முதல் கேள்வியைக் கேட்கும், ‘இஸ்’ இரண்டாவதைக் கேட்கும். ஜாவாவில் ‘ஈக்வல்ஸ்’ முதல் கேள்வி, இரட்டைச் சமக்குறி இரண்டாவது கேள்வி. ஒரே குறி இரண்டு மொழியில் இரண்டு வேலை செய்கிறது. இரண்டு மொழியிலும் மாறி மாறி எழுதுகிறவர்கள் இதில் விழாமல் தப்புவது கடினம்.

ஜாவாவில் இது எப்படி ஏமாற்றும் என்பதை நான் நேரில் பட்டிருக்கிறேன். தள்ளுபடிக் குறியீடு ஒன்றைச் சரிபார்க்கும் கோட், இரட்டைச் சமக்குறி போட்டு எழுதியது. எங்கள் சோதனையில் எல்லாம் பாஸ். ஏனென்றால் சோதனையிலும் குறியீட்டை மேற்கோளுக்குள் நேரடியாக எழுதியிருந்தோம், நிஜக் கோடிலும் அப்படியே. ஜாவா, மேற்கோளுக்குள் எழுதிய ஒரே மாதிரிச் சரங்களை ஸ்ட்ரிங் பூல் என்ற பொது இடத்தில் ஒரே ஒரு தடவை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அதையே சுட்டாகக் கொடுக்கும். ஆகவே ஒரே கல். ஆனால் வாடிக்கையாளர் திரையில் தட்டச்சு செய்த குறியீடு ஓடும்போது புதிதாக உருவாகும் சரம், எழுத்துக்கு எழுத்து அதேதான், கல் வேறு. சரியான குறியீட்டைப் போட்டும் தள்ளுபடி கிடைக்கவில்லை என்று புகார் மேல் புகார். எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு இடைவெளி ஒட்டியிருக்கிறது என்று அரை நாள் தேடினோம். கடைசியில் திருத்தியது ஒரே ஒரு ஒப்பீட்டை.

பைத்தானிலும் ‘இஸ்’ வைத்துச் சரங்களை ஒப்பிடுகிறவர்கள் உண்டு, ஆங்கிலச் சொற்களில் அது பல நேரம் சரியாக வருவதுபோலத் தோன்றும். தமிழுக்கு வந்தால் சாயம் வெளுத்துவிடும். ‘சொல்’ என்ற மாறியில் “கண்” என்று வைத்து, அதன் முதல் எழுத்தை இரண்டு முறை எடுத்து, இரண்டும் ‘இஸ்’ படி ஒன்றா என்று கேளுங்கள். வழக்கமாக எல்லோரும் பயன்படுத்தும் பைத்தான் வடிவமான சிபைத்தானில் இல்லை என்று பதில் வரும். அதையே ஓர் ஆங்கிலச் சொல்லில் செய்தால் ஆம் என்று வரும். காரணம், ஆங்கில எழுத்துகள் அடங்கிய முதல் 256 குறிகளுக்கு ஒற்றை எழுத்துச் சரங்களை அது முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறது, தமிழ் எழுத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்கிறது. இந்த மாதிரி உள் ஏற்பாடுகள் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை, நம்பி எதையும் கட்ட முடியாது. மேற்கோளுக்குள் இருக்கும் சரத்தை ‘இஸ்’ போட்டு ஒப்பிட்டால் பைத்தான் 3.8இலிருந்து எச்சரிக்கையே வருகிறது. உரை ஒன்றா என்று கேட்க இரட்டைச் சமக்குறிதான்.

இரண்டு கல்லாக இருப்பதால் நஷ்டம் ஏதும் உண்டா? பெரிய தரவில் உண்டு. 10 லட்சம் வரிகள் உள்ள ஒரு கோப்பு, ஒவ்வொரு வரியிலும் மாவட்டத்தின் பெயர். “திருவண்ணாமலை” என்று ஒரு வரியில் படித்தால் ஒரு சரம் உருவாகும், அடுத்த வரியில் மறுபடி படித்தால் இன்னொன்று உருவாகும், முன்பே ஒன்று இருக்கிறதே என்று பைத்தான் தானாகத் தேடிப் பார்ப்பதில்லை. அந்தச் சொல்லில் 12 குறிகள், குறிக்கு 2 பைட் வீதம் 24, அதோடு ஒவ்வொரு சரத்துக்கும் உள்ள நிர்வாகத் தகவலையும் சேர்த்தால் 80 பைட்டைத் தாண்டும். 10 லட்சம் வரியிலும் அதே பெயர் என்றால் 8 கோடி பைட்டுக்கு மேல். இதற்குத்தான் ‘இன்டர்ன்’ என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ஒரு சரத்தைக் கொடுத்தால், அதே உரையில் ஏற்கெனவே பதிவான சரம் இருந்தால் அதைத் தரும், இல்லையென்றால் இதைப் பதிந்துகொள்ளும். படிக்கும்போதே மாவட்டப் பெயரை அதன் வழியாக அனுப்பிவிட்டால் ஒரே ஒரு “திருவண்ணாமலை”, அதைச் சுட்டும் 10 லட்சம் சுட்டு, ஒன்றுக்கு 8 பைட் வீதம் 80 லட்சம் பைட். சரம் மாறாது என்பதால்தான் இப்படிப் பங்குபோட முடிகிறது. மாறக்கூடியதாக இருந்தால் ஒரு வரியில் திருத்தியது 10 லட்சம் வரியையும் திருத்திவிடும்.

சுருக்கமாக: உரை ஒன்றா என்பது ஒரு கேள்வி, பொருள் ஒன்றா என்பது இன்னொரு கேள்வி. அன்றாடம் நமக்கு வேண்டியது முதல் கேள்வி. இரண்டாவது, மெமரிக் கணக்குப் பார்க்கும்போது மட்டும் போதும்.

## பூச்சரத்தில் ஒரு பூ சேர்க்க

மாறாமைக்கு ஒரு விலையும் உண்டு. சரம் என்றாலே நமக்குப் பூச்சரம்தான் நினைவுக்கு வரும். நிஜப் பூச்சரத்தில் நுனியில் இன்னொரு பூவைக் கட்டிக்கொண்டே போகலாம். மாறாத சரத்தில் அது முடியாது. ஒரு பூவைச் சேர்க்க வேண்டும் என்றால், இருக்கிற பூ அத்தனையையும் புது நாரில் முதலிலிருந்து கட்டி, கடைசியில் அந்த ஒரு பூவைச் சேர்க்க வேண்டும்.

லூப்புக்குள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டே போனால் இதுதான் நடக்கிறது. 10,000 எழுத்து உள்ள உரையை அப்படிக் கட்டினால் முதல் சுற்றில் 1, அடுத்து 2, அடுத்து 3 என்று கடைசிச் சுற்றில் 10,000 எழுத்து எழுத வேண்டும். கூட்டிப் பாருங்கள், 5 கோடியே 5 ஆயிரம். தேவைப்பட்டதோ 10,000. உரை இரண்டு மடங்கானால் வேலை நான்கு மடங்காகும், அதனால்தான் சின்னத் தரவில் ஒழுங்காக ஓடுவது மாதக் கடைசியில் பெரிய அறிக்கை எடுக்கும்போது இழுத்துக்கொண்டு நிற்கிறது. பூக்காரம்மா செய்கிற மாதிரி செய்ய வேண்டும், பூவையெல்லாம் முதலில் கூடையில் போட்டு வைத்துக்கொண்டு, உட்கார்ந்து ஒரே மூச்சில் கட்டுவது. பைத்தானில் துண்டுகளை லிஸ்டில் சேர்த்துக் கடைசியில் ‘ஜாயின்’, ஜாவாவில் ‘ஸ்ட்ரிங்பில்டர்’.

“நான் லூப்ல கூட்டிப் பாத்தேன், வேகமாத்தான் இருக்கு” என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. சிபைத்தான் ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்று எண்ணி வைத்திருக்கும். ஒரே ஒரு பெயர் மட்டும் சுட்டுகிற சரத்தோடு கூட்டினால், வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதால், சில நேரம் அதே இடத்தையே நீட்டிக்கொள்ளும். இன்னொரு பெயர் சுட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சலுகை கிடையாது. வெளியே தெரியாதவரை நகலா சுட்டா என்பது மொழியின் சொந்த விருப்பம் என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம், ஆனால் இதை நம்பிப் பெரிய அறிக்கையை எழுதாதீர்கள்.

## நிஜமாகவே நகல் வேண்டிய ஓர் இடம்

ஒரு நீளமான உரையிலிருந்து சின்னத் துண்டை வெட்டி எடுக்கிறோம். துண்டுக்குத் தனி நகல் போடலாம். இல்லையென்றால் பெரிய உரையின் இத்தனையாவது இடத்திலிருந்து இத்தனை எழுத்து என்று சுட்டிக்கொள்ளலாம், பெரிய உரைதான் மாறாதே. சிபைத்தான் நகல் போடுகிறது. ஜாவா ரொம்ப காலம் சுட்டிக்கொண்டிருந்தது, ‘சப்ஸ்ட்ரிங்’ கேட்டால் பெரிய சரத்தின் எழுத்து வரிசையையே பங்குபோட்டுக்கொள்ளும், வேகமாக இருக்கும். ஆனால் அதற்கு ஒரு பின்விளைவு உண்டு. யாரும் சுட்டாத பொருளைத்தான் மொழி மெமரியிலிருந்து அகற்றும், கார்பேஜ் கலெக்‌ஷன் என்பது அதுதான். துண்டு உயிரோடு இருக்கும்வரை பெரிய உரையையும் அகற்ற முடியாது. இந்தத் தொல்லையால் 2012இல் ஜாவா 7இன் 6ஆவது அப்டேட்டில் அதை மாற்றி, துண்டுக்குத் தனி நகல் போடும்படி செய்தார்கள்.

கோ மொழி இன்றும் சுட்டுகிறது. அங்கே ஒரு சரம் என்பது இடத்தைக் காட்டும் சுட்டும் நீளமும் மட்டுமே, 64 பிட்டில் இரண்டும் சேர்ந்து 16 பைட். துண்டு வெட்டினால் இன்னொரு 16 பைட், எழுத்துகள் பொது. பெரும்பாலான நேரம் இது அருமையான ஏற்பாடு. நாங்கள் ஒருமுறை 1000 லாக் கோப்புகளை, ஒவ்வொன்றும் சுமார் 1 எம்பி, ஒவ்வொன்றாக முழுசாகப் படித்து, ஒவ்வொன்றிலிருந்தும் 20 பைட் அடையாளக் குறி ஒன்றை மட்டும் வெட்டி ஒரு பட்டியலில் வைத்தோம். கணக்குப்படி பட்டியலின் உரை வெறும் 20,000 பைட். ஆனால் ஒவ்வொரு துண்டும் தன் 1 எம்பியையும் கையோடு பிடித்துக்கொண்டிருந்ததால் மெமரி 1 ஜிபி பக்கம் ஏறி நின்றது. இதற்கென்றே கோ 1.18இல், 2022இல், ‘குளோன்’ என்று ஒரு ஃபங்ஷன் சேர்த்தார்கள். துண்டை வெட்டியதும் அதை ‘குளோன்’ செய்து நகலைப் பட்டியலில் வைத்தோம், ஒவ்வொரு கோப்பும் படித்து முடிந்ததும் அதன் பெரிய உரை மெமரியை விட்டுப் போக ஆரம்பித்தது.

இதைச் சொன்னதும் தம்பி உடனே கேட்டார்: “அப்போ இங்க மட்டும் எதுக்குண்ணா நகல்? இதுவும் மாறாத சரம்தானே?”

மாறிவிடும் என்பதற்காக எடுத்த நகல் இல்லை அது, பெரிய உரையை விட்டுவிடுவதற்காக எடுத்தது என்றேன். சரி என்று திரும்பி உட்கார்ந்து, தன் கோடில் ‘டீப்காப்பி’ என்று தேடி, சரங்களுக்குப் போட்டிருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார். ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தி, “இது லிஸ்ட்டுண்ணா, இது இருக்கட்டும்” என்றார்.